பேயைப் பிடித்துக்கொண்டோம், மருத்துவரை விட்டுவிட்டோம்!

தெருவிலே பிறக்கும் சொல்லைப் புலவர் பெருமக்கள் தீண்டுவதில்லை. "கொச்சை" என்று ஒரு முத்திரையைக் குத்தி, வாயிற்படிக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அகராதியிலே அதற்கு இடமில்லை. அவையிலே அதற்கு ஆசனமில்லை. ஆனால் ஒரு சமுதாயத்தின் உள்ளத்தை உள்ளபடி அறிய விரும்புகிறவன், அது மேடையேறிப் பேசும் சொல்லை மட்டும் கேட்டால் போதாது. திண்ணையிலே, தேநீர்க் கடையிலே, அடுப்பங்கரையிலே அது பேசும் சொல்லையும் கேட்கவேண்டும். மேடைச் சொல் எண்ணிப் பேசப்படுவது. திண்ணைச் சொல் எண்ணாமல் வருவது. எண்ணாமல் வருவதில்தான் எண்ணம் இருக்கிறது!

ஒரு காலத்தில் நம் தெருவின் கேலிச்சொற்களுக்குப் புராணமே பண்டகசாலை. நெடுநேரம் தூங்கினவன் கும்பகருணன். கலகம் மூட்டினவன் நாரதன். சூது செய்தவன் சகுனி. குடும்பத்தைப் பிரித்தவள் கூனி. தெருக்கூத்தும் கதாகாலட்சேபமும் ஊட்டிய பெயர்கள் இவை. எவரும் உட்கார்ந்து பாடம் நடத்தவில்லை. ஆயினும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் பொருள் தெரிந்திருந்தது.

பின்னர் வந்தது திரைப்படம். புராணம் வகித்த இடத்தை அது மெல்ல மெல்லக் கைப்பற்றிக்கொண்டது. 1952இல் வெளிவந்த பராசக்தியின் வழக்குமன்ற வசனத்தை வரி பிசகாமல் ஒப்பித்த இளைஞர் கூட்டத்தை நாடறியும். கொட்டகையிலே கேட்ட சொல் கொட்டகையோடு நின்றுவிடாது, வீட்டுக்கு வரும், வீதிக்கு வரும், வாக்குச் சாவடிவரை வரும் என்பதை இயக்கம் அன்றே உணர்ந்திருந்தது. அண்ணனும் தங்கையும் சற்றே அளவு மீறிப் பாசம் காட்டினால், "பாசமலர்" என்கிறோமே, அது 1961இல் பீம்சிங் இயக்கத்தில் சிவாசி கணேசனும் சாவித்திரியும் நடித்த படத்தின் பெயர். வீரம் பேசி அடி வாங்கி வருகிறவனைக் "கைப்புள்ள" என்கிறோமே, அது 2003இல் 'வின்னர்' படத்தில் வடிவேலு ஏற்ற வேடத்தின் பெயர். அந்தக் கைப்புள்ளயின் 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' பத்தாண்டு கழித்து, 2013இல், இன்னொரு படத்துக்கே தலைப்பாயிற்று. 2001இல் வந்த 'பிரண்ட்ஸ்' படத்தில் தலையிலே சுத்தியல் விழுந்த ஒப்பந்தக்காரர் நேசமணிக்காக, 2019 மே மாதத்தில் இணையவெளி எங்கும் வேடிக்கையாக வேண்டுதல் நடந்ததையும் கண்டோம்.

இவற்றைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. கும்பகருணன் போய்க் கைப்புள்ள வந்தது ஒருவகையில் முன்னேற்றமே! கைப்புள்ள எந்தக் கடவுளின் பிறவியும் அல்லன். எந்தச் சாபத்தின் விளைவும் அல்லன். வெறும் வாய்வீச்சு வீரன். வெற்று வீரத்தைக் கண்டு நகைக்கக் கற்றுத் தந்த சொல் நல்ல சொல்தான்.

ஆனால், எல்லாச் சொற்களும் அப்படிப்பட்டவையா? இதை ஆராய நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலை எங்கோ தேடிப் போகவேண்டாம். நம் பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்திலேயே இருக்கிறது.

"காளை வந்தான்" என்பதை ஆசிரியர் விளக்கிய வகுப்பு நினைவிருக்கும். காளை என்பது மாட்டின் பெயர். அது அதனை ஒத்த வீரனுக்கு ஆகி வந்தது. ஆகவே உவமையாகுபெயர். 'சந்திரமுகி', 'கைப்புள்ள' போன்ற திரைப்படப் பட்டப் பெயர்கள் எல்லாம் இந்த இலக்கணத்தில் அடங்கிவிடும். ஆனால் இந்த இலக்கணத்துக்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. காளைக்கு வலிமை உண்டு. கொம்பும் உண்டு, வாலும் உண்டு, மூக்கணாங்கயிறும் உண்டு. "காளை வந்தான்" என்னும்போது வலிமையை எடுத்துக்கொள்கிறோம். வாலையும் மூக்கணாங்கயிற்றையும் விட்டுவிடுகிறோம். எடுப்பதும் விடுப்பதும் காளையின் விருப்பமன்று, பேசுகிறவனின் விருப்பம். எனவே, ஒரு திரைப்படப் பெயர் வசைச்சொல்லாகும்போது நாம் கேட்கவேண்டிய கேள்வி இது ஒன்றே: படத்திலிருந்து எதை எடுத்தோம்? எதை விட்டோம்?

இந்தக் கேள்வியோடு 2005ஆம் ஆண்டுக்குச் செல்வோம்.

அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று 'சந்திரமுகி' வந்தது. இரண்டே மாதம் கழித்து, சூன் 17 அன்று 'அந்நியன்' வந்தது. முன்னதை இயக்கியவர் பி. வாசு; பின்னதை இயக்கியவர் சங்கர். ஒன்றில் சோதிகா, மற்றொன்றில் விக்ரம். இரண்டும் பெரும் படங்கள். இரண்டும் பேசப்பட்ட படங்கள். சந்திரமுகியோ, பின்னாளில் மூடப்பட்ட சென்னைச் சாந்தி திரையரங்கில் இரண்டாண்டுக்கு மேலாக ஓடிற்று. இவை எல்லாவற்றையும்விட வியப்பான ஒற்றுமை ஒன்றுண்டு. இரண்டு படங்களும் ஒரே நோயைப் பற்றியவை! ஓர் உடலுக்குள் வெவ்வேறு ஆட்கள் குடியிருப்பதுபோல் ஒருவர் மாறி மாறி நடந்துகொள்ளும் உளக்கோளாறு. பல்லாளுமை நோய் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டது. 1994இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு அதன் பெயரை மாற்றி, ஒருவரின் அடையாள உணர்வு பிரிந்துபோகும் கோளாறு என்று வகைப்படுத்தியது.

ஆக, ஆண்டு ஒன்று, நோய் ஒன்று, மொழி ஒன்று, பார்த்த மக்களும் ஒன்று. இரண்டு பெயர்களும் தெருவுக்கு வந்தன. இரண்டும் வழக்குச் சொற்களாயின. அப்படியானால் இரண்டுக்கும் பொருளும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்? இருக்கிறதா?

"அம்பியாக இருக்கிறான், சீண்டாதே, அந்நியன் ஆகிவிடுவான்" என்று ஒருவனைப் பற்றிச் சொல்கிறார்கள். சொல்லும் குரலிலே ஓர் அச்சம் உண்டு. அந்த அச்சத்துக்குள்ளே ஒரு மதிப்பும் உண்டு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன் பொங்கி எழுந்தான் என்பது பொருள். "இன்று வீட்டிலே சந்திரமுகி" என்று ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறார்கள். சொல்லும் வாயிலே சிரிப்பு. கேட்கும் செவியிலே சிரிப்பு. காரணமின்றிக் கத்துகிறாள் என்பது பொருள். ஆணுக்கு வந்தால் ஆவேசம். பெண்ணுக்கு வந்தால் பிசாசு! அவன் சினத்துக்குக் காரணம் உண்டு என்று சொல்லாமலே ஒப்புக்கொள்கிறோம். அவள் சினத்துக்குக் காரணம் இல்லை என்று கேளாமலே தீர்ப்பளிக்கிறோம்.

படங்கள் இப்படிச் சொல்லினவா? பார்ப்போம்.

அந்நியன் யார்? சட்டம் படித்த, சட்டம் தவறாத அம்பி ஒருவன். அவன் உள்ளே உருவான அந்நியன், கருட புராணத்தைக் கையிலெடுத்துக்கொண்டு, அதில் சொல்லியபடி குற்றவாளிகளுக்குத் தண்டனை தருகிறான். ஒருவனை எருமை மந்தையை விட்டு மிதிக்கச் செய்கிறான். ஒருவனைக் கொதிக்கும் எண்ணெயில் இடுகிறான். ஒருவனை அட்டைகளுக்கு இரையாக்குகிறான். அவர்கள் செய்த குற்றம் என்ன? தொடர்வண்டியில் கெட்ட உணவு தந்தது, தரம் குறைந்த பொருளைச் செய்தது, சாலையில் அடிபட்டவனைக் காரில் ஏற்ற மறுத்தது. குற்றங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் கொலைத் தண்டனைக்குரியவையா? வழக்குமன்றம் எதற்கு, வழக்குரைஞர் எதற்கு, எண்ணெய்ச் சட்டி இருக்கும்போது! படத்தின் முடிவிலோ, நோய் தீர்ந்தது என்று விடுவிக்கப்பட்டவனே ஓடும் வண்டியிலிருந்து ஒருவனைத் தள்ளிவிடுகிறான். இத்தனை உயிர்களைக் கொன்றவன் பெயர் நம் தெருவில் வீரத்தின் பெயர்.

சந்திரமுகி யார்? உண்மையில் சந்திரமுகி அல்லள், கங்கா. பழைய அரண்மனைக்குக் கணவனோடு குடிவந்த பெண். அரசன் வேட்டையன் காமத்தால் கவர்ந்து வந்து, காதலன் தலையை வெட்டி, உயிரோடு எரித்த நாட்டியக்காரி சந்திரமுகியின் கதையைக் கேட்கிறாள். கேட்டுக் கேட்டு அந்த எரிந்த பெண்ணாகவே தன்னை எண்ணத் தொடங்குகிறாள். படம் முடியும்போது அவளால் ஓர் உயிரும் போகவில்லை. வாழ்ந்த காலத்தில் சந்திரமுகி பட்டதோ பெருங்கொடுமை. ஆனால் அவள் பெயர் நம் தெருவில் கேலியின் பெயர். எரித்தவன் வேட்டையன், ஏளனத்துக்கு ஆளானவள் எரிந்தவள்!

எந்தக் காட்சியிலிருந்து இந்தச் சொல் மக்கள் வாயில் ஏறிற்று என்றும் எண்ணிப் பாருங்கள். வெளியே செல்லப் புறப்படுகிறாள் மனைவி. போகக்கூடாது என்று தடுக்கிறான் கணவன். மருத்துவர் சொல்லியபடி செய்யப்பட்ட சோதனை அது. தடுத்த உடனே அவள் விழி மாறுகிறது, குரல் மாறுகிறது, கட்டிலை ஒற்றைக் கையால் தூக்குகிறாள். நோயைக் காட்டுவதற்காகப் படம் வைத்த காட்சி. நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது என்ன? "போகாதே" என்றால் சினம் கொள்கிற மனைவி பேய் பிடித்தவள் என்ற பாடம்! அதே காட்சிகளிலே மனைவியின் நிலை கண்டு கலங்கும் கணவன், நண்பனாகிய மருத்துவரைப் பார்த்துக் கேட்ட ஒரு வரியும் வழக்குக்கு வந்தது. "என்ன கொடுமை சரவணன் இது" என்று, பேருந்து வராவிட்டாலும் சொல்கிறோம், குழம்பில் உப்பில்லாவிட்டாலும் சொல்கிறோம். கணவன் துயரம் நகைச்சுவையாயிற்று. அதிலே எவருக்கும் காயமில்லை. மனைவியின் நோய் வசையாயிற்று. அதிலே காயம் உண்டு.

கதையின் மூலத்தையும் பார்ப்பது நல்லது. 1993இல் மலையாளத்தில் பாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' தான் வேர். சோபனா நடித்தார், நாட்டின் சிறந்த நடிகைக்கான விருதும் பெற்றார். அதிலே கங்கா, சிறுவயதில் பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்தவள். அந்தத் தனிமையிலும் கேட்ட கதைகளிலும் நோய்க்கு வேர் காட்டப்படுகிறது. அவளுக்குள் எழும் நாட்டியக்காரி நாகவல்லி, தஞ்சையிலிருந்து வந்தவள், தமிழ் பேசுகிறாள்! 2004இல் பி. வாசு அதைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' ஆக்கினார்; அங்கே அவள் தெலுங்கு பேசினாள். தமிழில் சந்திரமுகி ஆனபோதும் தெலுங்கே பேசினாள். 2007இல் பிரியதர்சன் இந்தியில் எடுத்த 'பூல் புலையா'வில் வங்காளம் பேசினாள். பாருங்கள் வேடிக்கையை! எந்த மொழிக்காரரும் தம் மொழி பேசும் பேயை ஏற்கவில்லை. பேய் என்றால் அயல்மொழிக்காரி, நாட்டியமாடியவள், திருமணக் கட்டுக்குள் அடங்காதவள். வீட்டுப் பெண் கங்கா நல்லவள். வெளிப் பெண் சந்திரமுகி கெட்டவள். வீட்டுப் பெண் சினந்தால், அது அவள் சினமன்று, வெளியிலிருந்து வந்து ஏறிக்கொண்ட ஒன்று! மனைவிக்குச் சொந்தமாக ஒரு சினம் உண்டு என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத சமுதாயம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விளக்கம் இதுதானே? "பேய் பிடித்திருக்கிறது" என்பதன் புதுப் பதிப்புத்தான் "சந்திரமுகியாக மாறிவிட்டாள்".

இந்தப் படத்துக்கு ஒரு பெருமை உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. பேய்ப் படம் போலத் தொடங்கி, "பேய் இல்லை, நோய்" என்று சொன்ன படம் அது. அதுவும் நாட்டின் மிகப் பெரும் நட்சத்திர நடிகர் இரசினிகாந்த், மந்திரவாதியாக அல்ல, உளமருத்துவராக வந்து சொன்னார். பட்டிதொட்டியெங்கும் பகுத்தறிவு சென்றிருக்கவேண்டிய நல்வாய்ப்பு! ஆனால் படம் பாதி வழியிலே பயந்தது. முடிவிலே மருத்துவர் தனியே குணப்படுத்தவில்லை, மந்திரவாதியும் துணைக்கு வருகிறார், சடங்கு நடக்கிறது, வேட்டையன் உருவத்தில் ஒரு பொம்மையை எரிக்கச் செய்து சந்திரமுகியின் வெஞ்சினத்தைத் தணிக்கிறார்கள். இரு தட்டிலும் எடை வைத்த தராசு. மருத்துவத்தை நம்புகிறவனும் மகிழலாம், மந்திரத்தை நம்புகிறவனும் மகிழலாம். விளைவு? பெயர் தெருவுக்கு வந்தபோது, மருத்துவர் கொட்டகையிலேயே தங்கிவிட்டார். பேய் மட்டும் வெளியே வந்தது. 2023இல் இரண்டாம் பாகம் வந்தபோது, ஆவியே நேரே மேடையேறிவிட்டது. முதலில் படம் தெருவுக்குச் சொல் கொடுத்தது. பிறகு தெரு அந்தச் சொல்லைத் தன் விருப்பப்படி வளைத்துப் படத்துக்கே திருப்பித் தந்தது.

"ஒரு கேலிச்சொல்லுக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று கேட்பார்கள். கேட்பவர்களுக்கு ஒரு நாளை நினைவூட்டுகிறேன். 2001 ஆகட்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவின் அருளால் மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் அழைத்து வரப்பட்டவர்களை அடைத்து வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று. விடியற்காலையில் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் ஓடவில்லை. ஓட முடியவில்லை! காலிலே சங்கிலி. 28 பேர் மாண்டனர். அவர்கள் எந்த மதத்தவர் என்று கேட்கவேண்டாம். பல மதத்தவரும் அங்கே வந்தார்கள். கோயிலுக்கும், தர்காவுக்கும், தேவாலயத்துக்கும் நம் மக்கள் நோயாளியை வேற்றுமையின்றியே அழைத்துச் செல்கிறார்கள். மூடநம்பிக்கையிலே நாம் காட்டும் சமத்துவத்தை வேறெங்கும் காட்டுவதில்லை! மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்வதற்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது.

ஏர்வாடித் தீக்கு நான்காண்டு கழித்து வந்த படம் சந்திரமுகி. "இது நோய், மருத்துவரிடம் செல்" என்று ஒரு சொல் அந்தப் படத்திலிருந்து தெருவுக்கு வந்திருக்குமானால்! வரவில்லை. மருத்துவரிடம் செல்லலாமா என்று தயங்கி நிற்கும் ஒரு பெண்ணைத் தடுப்பதற்குச் சங்கிலி வேண்டியதில்லை, சிரிப்பே போதும். "உனக்கு என்ன, சந்திரமுகியா?" என்று சுற்றத்தார் சிரிப்பார்களே என்ற கூச்சம் அவள் காலிலே விழுந்த விலங்கு.

தெரு எப்போதும் தவறான பக்கத்தையே எடுக்கும் என்று மனம் சோரவேண்டாம். இதே பைத்தியப் பட்டத்தைப் பற்றி மேலை நாட்டில் வந்த இன்னொரு படம், வேறு வகையான சொல்லைத் தந்தது. அதை நம் கதையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

1938இல் பேட்ரிக் ஆமில்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் 'கேஸ்லைட்' என்றொரு நாடகம் எழுதினார். 1940இல் இங்கிலாந்தில் அது படமாயிற்று. 1944இல் அமெரிக்காவில், சார்ச் கூக்கர் இயக்கத்தில், இங்கிரிட் பெர்க்மன் நடிக்க, மீண்டும் படமாயிற்று. அந்நடிப்புக்காக அவர் ஆசுகர் விருது பெற்றார். கதை எளிது. கணவன் ஒருவன், வீட்டின் மாடியறையில் மறைந்துகிடக்கும் நகைகளை இரவிலே களவாகத் தேடுகிறான். அந்நாளில் வீட்டுக்கு விளக்கு, குழாயில் வரும் எரிவாயு. மேலே அவன் விளக்கேற்றினால், கீழே மனைவியின் அறையிலே சுடர் மங்குகிறது. "விளக்கு ஏன் மங்குகிறது?" என்று கேட்கிறாள் அவள். "மங்கவில்லையே, உன் மனம்தான் மங்குகிறது" என்பதுபோல் அவளை நம்பவைக்கிறான் அவன். பொருள்களை ஒளித்துவைத்து, "நீதான் தொலைத்தாய்" என்கிறான். தன் கண்ணையே நம்பமுடியாத நிலைக்கு அவள் வருகிறாள்.

இந்தப் படத்திலிருந்து ஆங்கிலம் பேசும் மக்கள் எதை எடுத்தார்கள்? "பவுலா" என்ற அந்தப் பெண்ணின் பெயரை எடுத்துப் பைத்தியக்காரிக்குப் பட்டமாகச் சூட்டியிருக்கலாம். செய்யவில்லை. விளக்கை எடுத்தார்கள்! ஒருவரைத் தன் அறிவையே ஐயுறும்படி திட்டமிட்டுச் செய்வதற்குக் "கேஸ்லைட் செய்தல்" என்று பெயர் வைத்தார்கள். நோயாளிக்கு அல்ல, நோயாக்கியவன் செயலுக்குப் பெயர்! 1969இல், உறவினர் சூழ்ச்சியால் மனநோயாளி என்று மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றி 'லான்செட்' மருத்துவ ஏட்டில் எழுதிய மருத்துவர்கள் இந்தப் பெயரையே கையாண்டார்கள். 2022இல் மெரியம் வெப்சுடர் அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அந்த ஆண்டு அதன் பொருளைத் தேடியோர் தொகை 1740 விழுக்காடு ஏறியிருந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும், குடும்பத்தார் ஒருவரை ஆட்டிப்படைத்து அடக்கிவைக்கும் நடத்தை 2015இல் சட்டப்படி குற்றமாயிற்று. பெயர் இல்லாத கொடுமையை முறையிட முடியாது. பெயர் கிடைத்த கொடுமையை முறையிடலாம், ஆராயலாம், தண்டிக்கலாம்.

அந்தச் சொல்லும் இன்று அளவுக்கு மீறிப் புழங்குவது உண்மை. கருத்து வேறுபட்டவரை எல்லாம் கேஸ்லைட் செய்கிறார் என்று சாடுவோர் உண்டு. ஆயினும் அதன் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள். அது துன்புறுத்துகிறவனைச் சுட்டுகிறது. நம் சொல்லோ துன்புறுகிறவளைச் சுட்டுகிறது.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கசப்பான ஓர் உண்மை புலப்படும். இரவு நேரங்கழித்து வந்த கணவனைப் பார்த்து, "எங்கே சென்றீர்கள்?" என்று கேட்கிறாள் மனைவி. விடை இல்லை. மீண்டும் கேட்கிறாள். குரல் உயர்கிறது. "ஆரம்பித்துவிட்டாள் சந்திரமுகி!" என்கிறான் அவன். வீட்டார் சிரிக்கிறார்கள். கேள்வி எங்கே போயிற்று? சிரிப்பிலே கரைந்துபோயிற்று. இனி அவன் விடை சொல்லவேண்டியதில்லை. அவள்தான் தனக்குப் பைத்தியம் இல்லை என்று மெய்ப்பிக்கவேண்டும்! விளக்கு ஏன் மங்கியது என்று கேட்டவளைப் பார்த்து, உன் மனம் மங்கியது என்றானே, அதே செயல்! அவர்களுக்குத் திரைப்படம் அந்தச் செயலைக் காட்டிக்கொடுக்கும் சொல்லைத் தந்தது. நமக்குத் திரைப்படம் அந்தச் செயலைச் செய்வதற்குரிய சொல்லைத் தந்துவிட்டது.

தற்செயலாக, அதே 2005ஆம் ஆண்டில்தான் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. அடிப்பது மட்டும் வன்முறையன்று என்று சொன்ன சட்டம் அது. சொல்லாலும் உணர்வாலும் செய்யும் கொடுமை என்று தனியே ஒரு வகை வகுத்து, அதிலே இழித்துரைத்தல், ஏளனம் செய்தல், அவமதித்தல் ஆகியவற்றோடு பட்டப்பெயர் சூட்டி அழைத்தலையும் வரிசையில் வைத்தது. சட்டம் படைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, பெயர் சூட்டுவது வெறும் விளையாட்டன்று என்று. ஒரே ஆண்டில் நாடாளுமன்றத்தார் பட்டப்பெயரை வன்முறை என்றார்கள். கொட்டகையிலிருந்து நாம் ஒரு புதுப் பட்டப்பெயரை வாங்கி வந்தோம்!

மறுப்புரை ஒன்றுண்டு, அதையும் கேட்போம். "பெண்களே அல்லவா அந்தச் சொல்லைச் சொல்லிக்கொள்கிறார்கள்? 'என்னைச் சீண்டினால் சந்திரமுகியாகிவிடுவேன்' என்று கல்லூரி மாணவி ஒருத்தி கலகலவென்று சொல்கிறாளே, அவளுக்கு என்ன காயம்?" நல்ல கேள்வி. எறியப்பட்ட கல்லைக் கையில் பிடித்துத் திருப்பி எறிகிற துணிவு அது. அதை நாம் குறை கூறோம். ஆனால் அங்கும் ஒன்றை எண்ணவேண்டும். "சினம் கொள்வேன்" என்று அவள் சொல்லவில்லை, "சந்திரமுகியாவேன்" என்றாள். தன் சினத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள அவளுக்கு இன்னும் இசைவு கிடைக்கவில்லை; இறந்துபோன ஒருத்தியின் பெயரிலேதான் வெளிப்படுத்த வேண்டியிருக்கிறது. அம்மன் ஏறியதாகச் சொல்லி ஆடினால்தான் மாமியாரிடம் நாலு சொல் பேசலாம் என்றிருந்த நம் பாட்டிமார் காலத்து ஏற்பாட்டுக்கும் இதற்கும் எத்தனை தொலைவு?

"அப்படியானால் சொல்லைத் தடை செய்யலாமா?" என்று கேட்கலாம். வேண்டாம்! சொல்லைத் தடை செய்து வென்ற அரசு உலகில் இல்லை. நகைச்சுவையைக் கண்டு நடுங்குவதும் பகுத்தறிவாளருக்கு அழகன்று; நகைச்சுவை நமக்கு நெடுநாள் துணைவன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதே வினா. கைப்புள்ளயைப் பார்த்துச் சிரிக்கும்போது வெற்றுவீரத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். சந்திரமுகி என்று சிரிக்கும்போது ஒரு நோயைப் பார்த்து, நோயைவிடக் கொடுமை, ஒரு நியாயமான கேள்வியைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இளைஞர்களே! உங்களிடம் வேண்டுவது சிறு செயல். அடுத்த முறை உங்கள் நண்பன் தன் வீட்டுப் பெண்ணைச் "சந்திரமுகி" என்று சொல்லிச் சிரிக்கும்போது, உடன் சிரிக்காதீர்கள், சினக்கவும் வேண்டாம். "அவர் என்ன கேட்டார்?" என்று கேளுங்கள். அவ்வளவே. அந்த ஒரு கேள்வியிலே பேய் ஓடிவிடும். உடல்நலம் குன்றியவர் உண்மையில் அந்த வீட்டில் இருப்பாரானால், படத்திலே மறந்துவிட்டு வந்த மருத்துவரை நினைவூட்டுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு மருத்துவமனையிலே மனநலப் பிரிவு உண்டு; அங்கே போவதற்கு எந்தச் சாமியின் உத்தரவும் வேண்டியதில்லை.

படம் எடுப்போர்க்கும் ஒரு சொல். "என்னைப் பைத்தியக்காரி ஆக்கப் பார்க்கிறாயா?" என்று தமிழ்ப் பெண் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கொடுமை அவளுக்குத் தெரிகிறது; அதைச் செய்கிறவனைச் சுட்டுவதற்கு ஒரு சொல்தான் இன்னும் கிடைக்கவில்லை. பாசத்துக்குப் பெயர் தந்தீர்கள், பயந்தவனுக்குப் பெயர் தந்தீர்கள், பேய்க்கும் பெயர் தந்தீர்கள். வேட்டையனுக்கு ஒரு பெயர் தாருங்கள்! தெரு அதையும் எடுத்துக்கொள்ளும்.